மொட்டைமாடியில் காற்றாலை வைக்கச் சொல்பவரிடம் கேட்க வேண்டியவை

தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசிக் கடைசியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்று, புரட்டாசி வரைக்கும் கொடியில் துணியைத் தங்கவிடாது. ஊருக்கு வெளியே போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பெரிய காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதனால், “உங்கள் மாடியிலும் சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, காற்றுக்கு என்ன காசா கொடுக்கிறோம்” என்று ஒரு வியாபாரி சொன்னால் இந்த ஊரில் அது எடுபடும். 2023இல் எங்கள் வீட்டு மாடியில் அப்படி ஒன்று ஏறியது. மறு வருடமே இறங்கியது. இப்போது அதே பேச்சு பக்கத்து ஊர்களிலும் நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் பணக் கணக்கோடு எழுதுகிறேன்.

வீட்டில் நானும் அத்தையும் பிள்ளைகளும்தான். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். எங்களுக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று, கோடையில் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் வரை ஓடிவிடும். அன்றைய கட்டணப்படி 500 யூனிட்டோடு நிறுத்தியிருந்தால் 1,725 ரூபாய். 700 போனால் 3,650. அதாவது கடைசி 200 யூனிட்டின் விலை, முதல் 500 யூனிட்டின் விலையைவிட அதிகம். 500ஐத் தாண்டியதும் கட்டண அடுக்கே மாறிவிடுவதுதான் காரணம். இரண்டாவது தொல்லை, சாரல் காலத்தில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து மின்சாரம் போவது. அத்தைக்கு மூச்சுத்திணறல் உண்டு. ராத்திரி மின்விசிறி நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

வந்த வியாபாரி இந்த இரண்டையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்ன யோசனை லேசில் மறுக்க முடியாதது. “கோடையில் வெயில் இருக்கிறது, காற்று இல்லை. சாரலில் மேகம் மூடிவிடும், ஆனால் காற்று அடிக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் வருடம் முழுக்க மின்சாரம்.” இது பொய் இல்லை. இந்த மாவட்டத்தில் சோலாரும் காற்றும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டத்தான் செய்கின்றன. ஆனால் அது எந்த உயரத்துக் காற்று என்பதை அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்ற வழியும் இல்லை. 2 கிலோவாட் சோலாரும் இன்வெர்ட்டரும் 1,70,000 ரூபாய், 1 கிலோவாட் காற்றாலை கம்பத்தோடு 1,65,000, 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி நான்கு 64,000. மொத்தம் 3,99,000. அதில் பாதி, நகையை அடகு வைத்த பணம்.

மாடிப்படிக்கு மேலே கட்டியிருக்கும் சிறிய அறையின் தளத்தில்தான் கம்பத்தை நிறுத்தினார்கள். வீட்டிலேயே உயரமான இடம் அதுதான் என்றார்கள். தட்டோடு பதித்த தளத்தில் நான்கு இடங்களில் துளை போட்டு, இரும்புத் தகட்டை போல்ட்டால் முடுக்கி, அதன்மேல் பதினைந்து அடிக் குழாய், உச்சியில் ஆறடி விட்டத்தில் மூன்று இறக்கைகள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. சித்திரை முழுக்க அது சும்மா நின்றது. காற்று வரட்டும் என்றார்கள்.

ஆனி பிறந்ததும் காற்று வந்தது. முதலில் கேட்டது சத்தம். இறக்கை காற்றை வெட்டும் சத்தம் வெளியே இருந்து வந்தால் பழகிவிடலாம். இது சுவருக்குள்ளிருந்து வந்தது. கம்பம் தளத்தோடு இறுகியிருப்பதால், மேலே உண்டாகும் அதிர்வு முழுவதும் கட்டடத்துக்குள் இறங்கிவிடுகிறது. அத்தையின் கட்டிலருகே சில்வர் சொம்பில் வைத்திருக்கும் தண்ணீர், ராத்திரியில் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லிய வளையம் வளையமாக நடுங்கிக்கொண்டே இருக்கும். சொம்பின் மூடியை எடுத்துக் கீழே வைத்தால்தான் அது கிணுகிணுப்பது நிற்கும். ரப்பர் அட்டை வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு தம்பியை அனுப்பினார்கள். அட்டை வைத்ததும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. போல்ட் தளர ஆரம்பித்தது.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் மின்சாரம் எவ்வளவு என்று பார்க்கலாம் என்று காற்றாலையைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். திரையில் 0 வாட், 14, 0, 9, திடீரென்று 160, மறுபடி 0. மேலே போய்ப் பார்த்தால், தலை ஒரு நிலையில் நிற்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு மேற்கே திரும்பும், வடக்கே திரும்பும், இறக்கை வேகம் பிடிப்பதற்குள் மறுபடி திரும்பிவிடும். பெருங்காற்று வீசும் நேரத்தில் கன்ட்ரோலரே பிரேக் போட்டு நிறுத்திவிடும். காற்று குறைந்தாலும் மின்சாரம் இல்லை, மிகுந்தாலும் இல்லை. ஆடி முடிய இரண்டு மாதத்தில் காற்றாலைக் கணக்கில் ஏறியது 31 யூனிட். அதையும் விலை கூடிய அடுக்கில், யூனிட் ஒன்பது ரூபாய் என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் 279 ரூபாய். இது வருடத்திலேயே நல்ல காற்று அடிக்கும் இரண்டு மாதத்தின் கணக்கு. மாசி பங்குனியில் என்ன வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வியாபாரியிடம் கேட்டால், “இந்த வருடம் காற்று கம்மி அக்கா” என்றார். எதிரே தெரிகிற பெரிய காற்றாலைகள் எல்லாம் நிற்காமல் சுற்றுகின்றனவே என்றால் பதில் இல்லை. பிறகு காற்றின் வேகத்தை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றை 2,000 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த விவகாரத்தில் நான் செலவழித்ததில் உருப்படியான காசு அதுதான். மாடியில் அளந்தால் பெரும்பாலும் நொடிக்கு 3 மீட்டர், 4 மீட்டர். இடையிடையே ஒரு வீச்சில் 8. ஊருக்கு வெளியே வயல்காட்டுக் கரையில் அதே நேரத்தில் கருவியைத் தூக்கிப் பிடித்தால் 7க்குக் குறையவில்லை.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். காற்றில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது, அதே கணக்கில் இறங்குகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிறது. மூன்றில் ஒரு பங்கானால் 27இல் ஒரு பங்கு. என் காற்றாலையின் மேல் ஒட்டியிருந்த ‘1 கிலோவாட்’ என்பது நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் கிடைப்பது. அது மணிக்கு 43 கிலோமீட்டர். குடை மடங்கிவிடும் காற்று. 4 மீட்டர் வேகத்தில் அதே காற்றாலை தரக்கூடியது 37 வாட். நல்ல மின்விசிறி ஒன்று ஓடலாம். எந்தக் காற்றாலையாக இருந்தாலும் காற்றிலுள்ள ஆற்றலில் 59 சதவீதத்துக்கு மேல் எடுக்கவே முடியாது என்பது நூறு வருடத்துக்கு முன்பே ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நிறுவிய விதி. சிறிய காற்றாலைகள் அதற்கும் வெகுவாகக் கீழேதான் நிற்கின்றன. ஆகவே, விற்பவரிடம் எத்தனை கிலோவாட் என்று கேட்காதீர்கள். எந்த வேகத்தில் அந்தக் கிலோவாட், 4 மீட்டரில் எத்தனை வாட், 5 மீட்டரில் எத்தனை வாட் என்று கேளுங்கள். வேகத்துக்கு வேகம் எவ்வளவு கிடைக்கும் என்ற வரைபடம் ஒவ்வொரு மாடலுக்கும் இருக்க வேண்டும். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்துக்குக் கயத்தாறில் சோதனை நிலையம் இருக்கிறது, நமக்குப் பக்கம்தான். சிறிய காற்றாலைகளையும் சோதிக்கிறார்கள். அப்படிச் சோதித்த அறிக்கை உண்டா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அதோடு வேறு பக்கம் திரும்பும்.

சரி, ஊரெல்லாம் காற்று அடிக்கும்போது என் மாடியில் மட்டும் ஏன் இல்லை? வீடுகளும் மரங்களும்தான் காரணம். ஓடும் காற்று ஒரு கட்டடத்தில் மோதினால் மேலே எம்பி, சுழித்து, உடைந்து போகிறது. அந்தச் சுழற்சி கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் வரை நிற்கும். பதினைந்து அடிக் கம்பம் முழுவதும் அதற்குள்தான். அதனால்தான் தலை நிலைகொள்ளாமல் ஆடியது. சுற்றிலும் 500 அடிக்குள் இருக்கும் எதையும்விட 30 அடியாவது மேலே இறக்கை இருக்க வேண்டும் என்பது இத்துறையில் சொல்லப்படும் பொதுவான விதி. எங்கள் தெருவில் தென்னையே 60 அடி. அப்படியென்றால் 90 அடிக் கோபுரம் வேண்டும். எதிரே சுற்றும் பெரியவை வேறு உலகம். இப்போது நிறுவப்படுபவற்றின் தண்டு 100 மீட்டரையும் தாண்டுகிறது. அங்கே அடிக்கும் காற்றைக் காட்டி இங்கே விற்கிறார்கள்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 2007, 2008இல் வார்விக் சோதனை என்ற பெயரில் கட்டடங்களின் மேல் பொருத்திய 26 சிறிய காற்றாலைகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். பழுதாகியும் நிறுத்தி வைத்தும் கிடந்த நேரத்தையும் சேர்த்தால், ஒரு காற்றாலை நாளொன்றுக்குத் தந்தது சராசரியாக 214 வாட்மணி. கால் யூனிட்கூட இல்லை. உயரமான கட்டடங்களில் ஓரளவு நன்றாக ஓடியவற்றையும், சத்தம் தாங்காமல் குடியிருப்பவர்கள் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் தெரிந்த விஷயம் தென்காசிக்கு வந்து சேர இவ்வளவு நாளா?

ஐப்பசி மழையில் அடுத்த செலவு வந்தது. துளை போட்ட இடத்தில் தட்டோட்டுக்கு அடியில் தண்ணீர் இறங்கி, மாடிப்படிச் சுவரில் பாசி பிடித்து, கைப்பிடிச் சுவரின் பூச்சில் விரிசல் விட்டது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி நல்ல மனிதர். அவரே ஒரு நாள், “ராத்திரி தூக்கம் இல்லை தாயி, சாயங்காலம் இறக்கை நிழல் வீட்டுக்குள் வெட்டி வெட்டி ஓடுகிறது” என்று வருத்தத்தோடு சொன்னார். வியாபாரி போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார். கழற்றி இறக்க வேறு ஆட்களுக்கு 12,000 ரூபாய். தட்டோட்டைப் பெயர்த்து மறுபடி பதித்துப் பூச 28,000. கம்பத்தை இரும்புக் கடையில் போட்டதில் 6,000 வந்தது. காற்றாலைக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் இரண்டு லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் குறைவு. மாடித் தளத்தில் துளை போட்டு எதையும் நிறுத்தாதீர்கள். சோலார் கால்களைக்கூடத் தளத்தின் மேலேயே கான்கிரீட் கட்டை வார்த்து, அதில் நிறுத்தச் சொல்லுங்கள்.

சோலாரின் கதை வேறு. அது வேலை செய்தது. வைத்த விதம்தான் சரியில்லை. பேனல்களைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு மேல் தொட்டியின் நிழல் ஓரத்துப் பேனலில் விழும். ஒரு மூலையில் நிழல் விழுந்தால் அந்த மூலைக்கு மட்டும் நட்டம் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். பேனலுக்குள் செல்கள் தொடராக இணைந்திருக்கின்றன. ஒரு செல் இருண்டாலும் பேனலில் மூன்றில் ஒரு பகுதி படுத்துவிடும், வரிசை முழுவதையும் அது கீழே இழுக்கலாம். பிறகு வந்த தம்பி ஒருவர் ஒரு காரியமும் செய்வதற்கு முன்னால், காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்றரைக்கும் மாடியில் நின்று நிழல் விழும் எல்லையைச் சாக்பீஸால் கோடு போட்டார். இப்படிக் கோடு போடாமல் விலை சொல்பவரை நம்பவேண்டாம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது நிழல் நீளும் என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். முன்பு 25 டிகிரி சாய்வில் இருந்ததைப் பத்தாகக் குறைத்தார். தென்காசி நில நடுக்கோட்டுக்கு வடக்கே 9 டிகிரியில் இருக்கிறது. தெற்குப் பார்த்து அவ்வளவு சாய்வு போதும். காற்று பிடிப்பதும் குறையும்.

2024 பிப்ரவரியில், வீட்டு மாடிச் சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஆனால் அது மின்வாரியக் கம்பியோடு இணைக்கும் சோலாருக்குத்தான். என்னுடையதைப் போலப் பேட்டரியை மட்டும் நம்பி நிற்கும் தனி அமைப்புக்குக் கிடையாது; காற்றாலைக்கும் இதில் எதுவும் இல்லை. பழைய பேனல்களையே இணைத்துக் கேட்கலாமா என்று பார்த்தேன், அதுவும் நடக்கவில்லை. செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்கும் பேனல்களுக்கு மட்டுமே மானியம், டி.சி.ஆர். என்று கடையில் சொல்வார்கள். விலை கொஞ்சம் கூடுதல். 540 வாட் பேனல் ஆறு வைத்து, இன்வெர்ட்டர், கால்கள், வேலை எல்லாம் சேர்த்து 1,95,000 ஆயிற்று. மானியம் முன்னால் கழிக்கப்படாது. முழுத் தொகையையும் கட்டி, இணைப்பு முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். கையில் அந்த அளவு பணமோ வங்கிக் கடனோ தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று, மின் இணைப்பு இறந்துபோன என் மாமனார் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்று, சொத்துவரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் என்று அலைந்ததில்தான் அதிக காலம் போனது. பேனல் விலை விசாரிப்பதற்கு முன்னால் மின் அட்டையில் யார் பெயர் என்று பார்த்துவிடுங்கள்.

இணைப்பு கொடுத்த வாரமே மழையில் மின்சாரம் போனது. பகல் பதினொரு மணி, மாடியில் வெளிச்சம் இருக்கிறது, வீட்டில் ஒன்றும் ஓடவில்லை. பழுதாகிவிட்டது என்று பதறினேன். பழுது இல்லை. கம்பியில் மின்சாரம் நின்றால் இந்த வகை இன்வெர்ட்டரும் நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் உயிருக்கு ஆபத்து. நியாயம்தான். ஆனால் விற்கும்போது யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. மின்வெட்டுக்காகச் சோலார் வைக்கிறவர்களுக்குப் பேட்டரி தனியாக வேண்டும், அல்லது பேட்டரியோடு சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். நல்லவேளையாகப் பழைய பேனல்களும் பேட்டரிகளும் இருந்தன. அவற்றை நான்கு மின்விசிறிக்கும் விளக்குகளுக்கும் மட்டும் தனிக் கம்பி இழுத்துக் கொடுத்திருக்கிறேன். அத்தையின் மின்விசிறி இப்போது நிற்பதில்லை.

இப்போது நாளொன்றுக்கு 12 யூனிட் வரை வருகிறது. சாரல் மாதங்களில் ஏழெட்டுக்கு இறங்குகிறது. மிஞ்சியது கம்பிக்குப் போய் அடுத்த கணக்கில் கழிகிறது. விலை உயர்ந்த மேல் அடுக்கு யூனிட்டுகள்தான் முதலில் கழிகின்றன என்பதால், 500ஐத் தாண்டுகிற வீட்டுக்கு இது சீக்கிரம் கட்டுப்படியாகும். மாதம் நூற்றுச் சொச்சம் யூனிட் ஓடும் வீட்டுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். எங்கள் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு: குற்றாலத்துக் குரங்குகள். பேனலின் மேல் உட்கார்ந்து அடியில் தொங்கும் ஒயரை இழுக்கும். ஒயர் முழுவதையும் குழாய்க்குள் விட்டு, கால்களோடு கட்டச் சொல்லுங்கள். ஐப்பசி இடியையும் மறக்கக்கூடாது. பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டு மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என எர்த் குழி மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று நின்று பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே குழியில் மூன்று கம்பியையும் முடிந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

வெட்டவெளித் தோட்டத்தில், கம்பி வராத இடத்தில், உயரக் கோபுரத்தில் சிறிய காற்றாலை வைப்பவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களுக்கு அது பயன்படலாம். ஒரு ஆடியும் ஒரு மாசியும் அந்த உயரத்தில் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சென்ற சாரலில் வேறொரு வியாபாரி எங்கள் தெருவுக்கு வந்தார். இது நிமிர்ந்து நின்று சுற்றும் வகை, சத்தமே இருக்காது, எந்தத் திசைக் காற்றும் ஒத்துவரும் என்று படம் காட்டினார். திசை பார்த்துத் திரும்ப வேண்டாம் என்பது சரிதான். ஆனால் காற்று அதே காற்று, இறக்கை அடைக்கிற பரப்பும் ஒரு கதவளவுதான். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் எத்தனை வாட் வரும் என்று கேட்டேன். கம்பெனியில் கேட்டுச் சொல்வதாக எண்ணை வாங்கிப் போனார். இன்னும் அழைக்கவில்லை.